சீம்பால் எட்டாத இடம்

1923ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கால்நடை நுண்ணுயிரியலாளர் மாக்னுசன், குதிரைக்கன்றுகளைத் தாக்கும் ஒருவகை நுரையீரல் அழற்சியைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறந்து ஒன்று முதல் நான்கு மாதம் வரையான கன்றுகள் அந்நோயால் இறந்துகொண்டிருந்தன. இறந்த கன்றுகளின் நுரையீரலை அறுத்தபோது உள்ளே கெட்டியான சீழ் நிரம்பிய கட்டிகள் இருந்தன. அச்சீழிலிருந்து அவர் பிரித்தெடுத்த பாக்டீரியா, குதிரைகளில் அதுவரை அறியப்படாதது. கொரினிபாக்டீரியம் எக்வி என்று அதற்குப் பெயரிட்டார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல், அதன் வகைப்பாடு மாற்றப்பட்டு ரோடோகாக்கஸ் எக்வி என்னும் பெயர் வந்தது. வளர்தட்டில் இளஞ்சிவப்பு நிறத்தில் திரளும் நுண்ணுயிர்க்கு ரோசா மலரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பொருத்தமாகத்தான் அமைந்தது. கன்றின் மூச்சை நிறுத்தும் ஓர் உயிரிக்கு இத்தனை அழகிய பெயரா என்று கேட்டால், வகைப்பாட்டியல் நிறத்தைத்தான் பார்க்கும், குணத்தைப் பார்க்காது என்பதே விடை.

(குதிரையின் இளமைப் பெயராக இன்றைய வழக்கில் ‘குட்டி’ என்பதே பெருவழக்கு. யானை, குதிரை, கழுதை முதலியவற்றுக்குக் ‘கன்று’ என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கிறது. இக்கட்டுரை அவ்வழக்கையே பின்பற்றுகிறது.)

மாக்னுசனின் கண்டுபிடிப்பு வெளிவந்த காலத்தைக் கவனித்தால் ஒரு முரண் தென்படும். அந்த ஆண்டுகளில் உலகெங்கும் நோயெதிர்ப்பின் மூலப்பொருளை வழங்கிய விலங்கு குதிரைதான். 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் ஒரு விலங்கின் இரத்தச் சீரம் மற்றொரு விலங்கை டெட்டனஸ் நஞ்சிலிருந்து காக்கும் என்று காட்டினர். 1894இல் எமில் ரூ, குதிரையின் சீரத்தைக் கொண்டு தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகளைப் பிழைக்கவைத்த முடிவுகளைப் புடாபெஸ்ட் மாநாட்டில் அறிவித்தார். அதன்பின் நகரந்தோறும் சீரக் குதிரைகளுக்கென லாயங்கள் எழுந்தன. அம்முறை இன்றும் மறையவில்லை. இந்தியாவில் பாம்புக்கடிக்குச் செலுத்தப்படும் நஞ்சுமுறி மருந்து இப்போதும் குதிரையின் இரத்தத்திலிருந்தே வருகிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் பாம்பின் நஞ்சு குதிரையின் உடலில் ஏறி, எதிர்ப்பொருளாக மாறி, வயலில் கடிபட்ட உழவரின் நரம்பில் இறங்குகிறது. மனிதக் குழந்தைகளைக் காக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் சுரக்கும் இந்த விலங்கின் சொந்தக் கன்றோ, ஏறத்தாழ எந்த எதிர்ப்பொருளும் இல்லாமல் பிறக்கிறது.

தாயின் எதிர்ப்பாற்றல் சேய்க்கு எவ்வழியில் சேர்கிறது என்னும் வினாவை முதலில் சோதனைக்கு உட்படுத்தியவர் பால் எர்லிக். அவர் எடுத்துக்கொண்ட நஞ்சுகள் இரண்டும் இந்தியத் தோட்டங்களில் விளைபவை. ஒன்று ஆமணக்கு விதையின் ரைசின். மற்றொன்று பொற்கொல்லர் எடைக்கல்லாகப் பயன்படுத்திய குன்றிமணியின் அப்ரின். சுண்டெலிகளுக்கு இவற்றைச் சிறுகச் சிறுகக் கொடுத்து எதிர்ப்பாற்றலை வளர்த்தார். அத்தகைய ஆணெலியின் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு எதுவும் வரவில்லை, பெண்ணெலியின் குஞ்சுகளுக்கு வந்தது. கருவிலேயே வந்ததா, பிறந்த பின்பு வந்ததா என்பதை அறிய, 1892இல் அவர் செவிலித்தாய் முறையைக் கையாண்டார். எதிர்ப்பாற்றல் பெற்ற எலியிடம் வேறோர் எலியின் குஞ்சுகளைப் பாலருந்த விட்டார். அக்குஞ்சுகள் நஞ்சைத் தாங்கின. பால் உணவு மட்டுமன்று, கவசமும்கூட என்பது ஆய்வுக்கூடத்தில் உறுதியானது அப்போதுதான். 1922இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும், சீம்பால் மறுக்கப்பட்ட மாட்டுக்கன்றுகள் பிறந்த சில நாள்களில் நுண்ணுயிர்களுக்கு இரையாவதைக் காட்டினர். எந்தக் கோனாரும் இதை அவர்களுக்கு முன்பே சொல்லியிருப்பார் என்றாலும், காரணம் எதிர்ப்பொருள்தான் என்பதை நிறுவியது அவர்களுடைய பணி.

எலியைவிடவும் மனிதரைவிடவும் குதிரைக்குச் சீம்பாலின் தேவை மிகுதி. மனிதத் தாயின் நஞ்சுக்கொடி, கருவிலிருக்கும்போதே எதிர்ப்பொருளைக் குழந்தைக்குக் கடத்திவிடுகிறது. பெட்டைக்குதிரையின் நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தத்துக்கும் சேயின் இரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்குத் திசுக்கள் நிற்கின்றன. பெரிய புரத மூலக்கூறுகள் அவற்றைக் கடப்பதில்லை. ஆகவே கடத்த வேண்டிய அனைத்தும் சீம்பாலில் வந்தாக வேண்டும். கன்றின் குடலும் அதற்கேற்ப முதல் சில மணிநேரங்களுக்குத் தன் கதவைத் திறந்துவைத்து, எதிர்ப்பொருளைச் செரிக்காமல் முழுதாக உறிஞ்சிக்கொள்கிறது. நேரம் ஏற ஏற அவ்வுறிஞ்சல் குறைந்து, ஒருநாள் முடிவதற்குள் கதவு அடைபடுகிறது. 1970களில் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் லியோ ஜெஃப்காட் இதனை விரிவாக அளந்தார். பின்னர் கன்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்து பார்ப்பது குதிரைப் பண்ணைகளின் அன்றாட வேலையாயிற்று. 100 மில்லிலிட்டர் சீரத்தில் 800 மில்லிகிராம் இருந்தால் கன்று தேறும். மிகக் குறைந்தால் வேறொரு குதிரையின் பிளாஸ்மாவை ஏற்றுவர்.

சீம்பாலின் கவசம் கழன்ற பிறகு என்ன நேரும் என்பதை மிகத் துயரமான வகையில் காட்டியவை அரபு இனக் கன்றுகள். 1973இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மக்குவயரும் பாப்பியும், டி செல்களும் பி செல்களும் அறவே வளராத அரபுக் கன்றுகளை விவரித்தனர். பிறந்தபோது அவை மற்றக் கன்றுகளைப் போலவே துள்ளின. தாயின் எதிர்ப்பொருள் உடலில் இருந்தவரை தாக்குப்பிடித்தன. அது கரையக் கரைய இருமலும் மூச்சிரைப்பும் தொடங்கின. நலமான கன்றுக்குப் பெருந்தீங்கு செய்யாத அடினோவைரஸ் இவற்றின் நுரையீரலைச் சிதைத்தது. ஐந்து மாதத்தைத் தாண்டி உயிர்த்தவை அரிது. டிஎன்ஏ-வைப் பழுதுபார்க்கும் ஒரு நொதியின் மரபணுவில் வெறும் ஐந்து எழுத்துகள் விடுபட்டதே காரணம் என்று 1997இல் கண்டறிந்தனர். மரபணுச் சோதனை கிடைத்ததும், குறை மறைந்திருக்கும் இரு குதிரைகளை இணைசேர்க்காமல் தவிர்ப்பது எளிதாயிற்று. இவ்வரலாற்றில் முற்றாகத் தீர்ந்த பகுதி இது ஒன்றுதான்.

மாக்னுசன் கண்ட நோய்க்கும் இதேபோன்றதொரு விளக்கம் நெடுங்காலம் போதுமானதாகத் தோன்றியது. சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் வாரந்தோறும் தேய்கிறது. கன்று தானே உண்டாக்கும் எதிர்ப்பொருள் மெல்லத்தான் ஏறுகிறது. இறங்கும் கோடும் ஏறும் கோடும் சந்திக்கும் இரண்டாம், மூன்றாம் மாதங்களில் ஒரு பள்ளம் விழுகிறது. நோயும் அதே மாதங்களில்தான் வெளிப்படுகிறது. எனவே பள்ளத்தின் வழியே நோய் நுழைகிறது என்றனர். பாடநூல்களில் இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் படம் இடம்பெற்றது. நேர்த்தியான படம்தான். ஆனால் சீம்பாலை நிறையக் குடித்து, எதிர்ப்பொருள் அளவில் எக்குறையும் இல்லாத கன்றுகளும் இந்நோயால் இறந்தன. அதே பண்ணையில், அதே புழுதியை மூச்சில் இழுத்த தாய்க்குதிரைகளுக்கோ ஒன்றும் நேரவில்லை.

அப்படத்தைக் குலைத்த அடி, எதிர்பாராத திசையிலிருந்து விழுந்தது. பிலிப் சார்ட்வெல் என்னும் அமெரிக்க நோய்ப்பரவலியலாளர் 1950இல் ஓர் ஒழுங்கைக் கண்டிருந்தார். பலர் ஒரே வேளையில் ஒரு நோய்க்கிருமிக்கு ஆட்பட்டால், நோய் வெளிப்படும் நாள்கள் குறிப்பிட்ட வடிவமுள்ள வளைகோட்டில் அமையும் என்பதே அது. கெட்டுப்போன விருந்து உண்டவர்களைப் போன்ற திரள்களுக்குப் பொருந்தும் கணக்கு. 2001இல் ஹோரோவிட்ஸ், கோஹன், தக்காய் ஆகியோர் அக்கணக்கைக் கன்றுகளின் மீது பொருத்தினர். நோய் தோன்றிய வயதுகளும் இறந்த வயதுகளும் அவ்வளைகோட்டில் பொருந்தின. கன்றுகள் பிறந்தது வெவ்வேறு நாள்களில். அவை அனைத்துக்கும் பொதுவான ஒரே ‘விருந்து நாள்’ பிறந்தநாள் மட்டுமே. அப்படியாயின் கிருமி நுழைவது இரண்டாம் மாதப் பள்ளத்தில் அன்று, பிறந்த முதல் சில நாள்களில். தாயின் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நாள்கள் அவை. வாயிற்காவலர் முழுவிழிப்போடு நிற்கும்போதே திருடன் உள்ளே போய்விட்டான். வீட்டார் அதை உணர்ந்தது இரண்டு மாதம் கழித்து.

வினா இப்போது இரத்தத்தை விட்டு நுரையீரலுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. அதற்கான அடித்தளம் 1980களிலேயே இடப்பட்டிருந்தது. மூச்சுக்குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தி, நுரையீரலின் உட்புறத்தைக் கழுவி, அந்நீரில் மிதக்கும் செல்களை எண்ணும் முறையைக் கன்றுகளில் கையாளத் தொடங்கியிருந்தனர். வளர்ந்த குதிரையின் காற்றுப்பைகளில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கு செல்கள் நிறைந்திருக்கும். மூச்சோடு வரும் தூசியையும் கிருமியையும் விழுங்குவது அவற்றின் தொழில். பிறந்த கன்றின் நுரையீரலிலோ அவை மிகச் சிலவே. கருப்பையில் நீர் நிரம்பியிருந்த உறுப்புக்கு அவற்றின் தேவை இருக்கவில்லை. முதல் மூச்சுக்குப் பிறகு வாரக்கணக்கில்தான் அவை வந்து நிறைகின்றன. மூச்சுக்குழாய்ச் சுவரை ஒட்டிய நிணநீர்த் திசுவும் அவ்வாறே பையப்பைய உருவாகிறது. மூக்கின் ஈரப்படலத்தைக் காக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைக் கன்று தானே போதிய அளவில் சுரக்கவும் சில வாரங்கள் ஆகின்றன. சீம்பால் இரத்தத்தை நிரப்பிவிட்டது. நுரையீரல் தன் காவலைத் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ரோடோகாக்கஸ் எக்வி அந்த இடைவெளியைப் பயன்படுத்தும் விதம் வியப்புக்குரியது. தன்னை விழுங்க வந்த செல்லையே அது வீடாக்கிக்கொள்கிறது. மேக்ரோஃபேஜ் ஒரு கிருமியை விழுங்கினால் அதைச் சிறு பைக்குள் அடைத்து, அப்பைக்குள் அமிலத்தையும் நொதிகளையும் கொட்டிக் கரைக்கும். இந்தப் பாக்டீரியா அப்பை அமிலமாவதைத் தடுத்து உள்ளேயே பெருகுகிறது. 1991இல் ஜப்பானில் தக்காய் குழுவினரும் கனடாவில் பிரெஸ்காட் குழுவினரும் இவ்வாற்றலின் இருப்பிடத்தைத் தனித்தனியே கண்டனர். அது பாக்டீரியாவின் குரோமோசோமில் இல்லை, தனியே மிதக்கும் பிளாஸ்மிட் என்னும் வளையத்தில் இருந்தது. அவ்வளையத்தை இழந்த பாக்டீரியா மண்ணில் வாழும் சாதுவான உயிரி. அதைப் பெற்றது கன்றைக் கொல்லும். காசநோய்க் கிருமியும் இதே குடும்பவழியில் வருவது, அதுவும் மேக்ரோஃபேஜுக்குள் குடியிருப்பது, இரண்டின் உறைச்சுவரிலும் மைக்கோலிக் அமிலம் உள்ளது என்பவற்றை நினைத்தால், குதிரைக்கன்றின் நோய் அத்தனை அயலானதாகத் தோன்றாது. மனிதரில் இதன் முதல் நேர்வு 1967இல் பதிவாயிற்று. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொண்டிருந்த 29 வயது இளைஞர் அவர். எய்ட்ஸ் பரவிய ஆண்டுகளில் அத்தகைய நேர்வுகள் பெருகின.

செல்லுக்குள் ஒளிந்த கிருமியை இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் எளிதில் தொடாது. மருந்துகளின் வரலாறும் அதையே சொல்கிறது. சோதனைத்தட்டில் ஜென்டாமைசின் இப்பாக்டீரியாவை நன்றாகக் கொன்றது, கன்றுகளிலோ ஏமாற்றியது. 1980களின் நடுவில் எரித்ரோமைசினையும் ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுத்தபோது பெரும்பாலான கன்றுகள் பிழைத்தன. இவ்விரண்டும் செல்லுக்குள் புகவல்லவை என்பதே வேறுபாடு. உடலும் அதேபோல உள்ளிருந்துதான் போரிட வேண்டும். தன் வயிற்றுக்குள் இருப்பதைக் கொல்லும்படி மேக்ரோஃபேஜைத் தூண்டும் சைகை, டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா. பிறந்த கன்றின் டி செல்கள் அதை மிகக் குறைவாகவே சுரக்கின்றன என்று 2006இல் கென்டக்கி ஆய்வாளர்கள் காட்டினர். அவர்களுடைய கட்டுரைத் தலைப்பே கன்று ‘குறையுடையது’ என்று கூறியது.

இந்தக் ‘குறை’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றைக் குறை என்பதற்கு முழுமை எது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே முழுமையின் அளவுகோல் வளர்ந்த குதிரை. நோயெதிர்ப்பியலில் இவ்வழக்குக்கு நீண்ட பின்புலம் உண்டு. 1953இல் மெடவாரின் குழு, பிறக்கும் முன்பே அயல் செல்களைச் சந்தித்த எலி பின்னாளில் அவற்றைப் பகையாகக் கருதாது என்று காட்டியது. அச்சோதனையின் நிழலில், பிறந்த உயிரின் எதிர்ப்பமைப்பு கற்கத் தகுதியற்றது என்னும் எண்ணம் வேரூன்றியது. அதை அசைத்தவை 1996இல் சயன்ஸ் இதழில் ஒருங்கே வந்த மூன்று கட்டுரைகள். அளவும் சூழலும் பொருந்தினால் பிறந்த எலியும் வளர்ந்த எலியைப் போலவே எதிர்வினையாற்றும் என்றன அவை. குதிரையிலும் அதேதான் நிகழ்ந்தது. 2007இல் பிறந்த கன்றுகளின் நுரையீரலில் உயிருள்ள, வீரியமுள்ள ரோடோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தபோது, அவை வளர்ந்த குதிரையை ஒத்த அளவுக்கு இன்டர்ஃபெரான் காமாவைத் தூண்டின. குறை என்று பெயர் பெற்றது, பயிலாமை. ஏட்டைத் திறக்காத மாணவனை அறிவிலி என்று எழுதிவைத்தது போன்ற பிழை அது. ‘குறையுடைய’ என்னும் அடைமொழி நின்றிருந்தால், தடுப்பூசிக்கான தேடலே வீண் என்று ஆகியிருக்கும்.

கற்பிக்க முடியும் என்பதற்கான சான்று, உண்மையில் இருபது ஆண்டுகள் முன்பே கைவசம் இருந்தது. 1987இல் கனடாவில், பிறந்த கன்றுகளின் வயிற்றுக்குள் உயிருள்ள ரோடோகாக்கஸைக் குழாய் வழியே செலுத்தினர். பின்னர் அக்கன்றுகளின் நுரையீரல் அதே கிருமியைத் தாங்கிக்கொண்டது. குடல் கற்றதை நுரையீரல் அறிந்துகொண்டது. பிறந்த வாரங்களில் கன்று தாயின் சாணத்தைக் கொறிப்பது வழக்கம். குதிரை வளர்ப்போர் அதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. அது நோயின் வழியா, பாடத்தின் வழியா என்பது கிருமியின் அளவையும் நாளையும் பொறுத்திருக்கலாம். ஆனால் வீரியமுள்ள கிருமியை உயிரோடு கொடுப்பதைப் பண்ணைக்கான முறையாக்க எவரும் துணியவில்லை. கொன்ற கிருமியோ அதே பாடத்தைக் கற்பிக்கவில்லை. பரவலாக ஏற்கப்பட்ட தடுப்பூசி இன்றளவும் வரவில்லை.

எதிர்ப்பொருளின் கதை அத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 1989இல் டெக்சாஸில் மார்டென்ஸ் குழுவினர், இக்கிருமிக்கு எதிராகப் பழக்கப்பட்ட குதிரையின் பிளாஸ்மாவை முன்கூட்டியே ஏற்றினால் கன்று காக்கப்படுவதைச் சோதனையில் கண்டனர். பண்ணைகளில் அதன் பலன் ஒருபோல் அமையவில்லை. 2018இல் தாய்க்குதிரைக்கே தடுப்பூசி இட்டு, பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள ஒரு சர்க்கரைப் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சீம்பாலில் ஏற்றும் முயற்சி வெளியாயிற்று. அச்சோதனையில் காக்கப்பட்டவை 12 கன்றுகளில் 11. தடுப்பூசி பெறாத தாய்களின் 7 கன்றுகளில் 6 நோயுற்றன. எர்லிக்கின் எலிக்குஞ்சுகள் நினைவுக்கு வரும். வேறுபாடு ஒன்றுண்டு. இங்கே எதிர்ப்பொருள் தனியே வேலை செய்யவில்லை. இரத்தத்தின் நிரப்புப் புரதங்களை அழைத்து, கிருமி ஒளிந்திருக்கும் செல்லையே அடையாளம் காட்டியது. சோதனைக்கூடத்தின் ஏழும் பன்னிரண்டும் நூறு கன்றுகளின் புழுதிக் கொட்டிலில் அப்படியே பலிக்குமா என்பது வேறு வினா.

தடுப்பூசி இல்லாத இடத்தைப் பண்ணைகள் தம் வழியில் நிரப்பின. அமெரிக்காவின் கென்டக்கி போன்ற பந்தயக் குதிரை வளர்ப்பு மையங்களில், கன்றின் மார்பை அல்ட்ராசவுண்ட் கருவியால் வாரந்தோறும் பார்த்து, இருமலுக்கு முன்பே சிறு கட்டிகளைக் கண்டுபிடிக்கும் முறை பரவியது. கட்டி தென்பட்ட கன்றுக்கெல்லாம் மருந்து. கொட்டில் கொட்டிலாக, வாரக்கணக்கில். விளைவு எதிர்பார்க்கக் கூடியதே. எரித்ரோமைசின் குடும்பத்துக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத ரோடோகாக்கஸ் தலையெடுத்தது. ஒரு கென்டக்கிப் பண்ணையில் அது பெருகிய விவரம் 2013இல் வெளியாயிற்று. இந்தியாவில் ரிஃபாம்பிசின் என்ற பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது காசநோய் மருந்தகம். ஒரு மனித மருந்தைக் குதிரைக் கொட்டிலில் இறைத்ததன் கணக்கை இங்கிருந்து பார்ப்போர் எளிதாகக் கடந்துபோக முடியாது.

இவ்வரலாற்றில் வரும் ஊர்ப் பெயர்களே ஒரு செய்தியைத் தாங்கியிருக்கின்றன. நியூமார்க்கெட், கென்டக்கி, டெக்சாஸ். விலையுயர்ந்த கன்று இறந்த இடத்தில்தான் ஆய்வுப் பணம் பாய்ந்தது. இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சம். ஏழு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி குறைந்திருந்தன. எஞ்சியவற்றில் பல, செங்கற்சூளையிலும் வண்டியிலும் உழைக்கும் ஏழைகளின் உடைமை. ஹிசாரில் 1985இல் தொடங்கிய தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இவற்றின் நோய்களையும் ஆய்கிறது. சூளையருகே புழுதியில் பிறக்கும் கன்றின் மார்பை வாரந்தோறும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பவர் எவருமில்லை.

அந்தப் பார்வை எவ்வளவு தேவை என்பதையும் ஒரு சோதனை கேட்டுவிட்டது. ஜெர்மனியில் இந்நோய் நிலைகொண்ட ஒரு பெரும்பண்ணையில் மோனிகா வென்னரும் உடனாய்வாளர்களும், நுரையீரலில் சிறு கட்டிகள் தென்பட்டும் நோயின் வெளிக்குறி காட்டாத கன்றுகளைப் பிரித்து, சிலவற்றுக்கு மருந்தும் சிலவற்றுக்கு வெற்று மருந்தும் கொடுத்தனர். 2012இல் முடிவு வந்தது. மருந்து பெற்ற கன்றுகள் விரைந்து தேறவில்லை. வெற்று மருந்து பெற்றவற்றின் கட்டிகளும் அதே வேகத்தில், தாமாகவே சுருங்கி மறைந்தன.